மாற்று நிலையம்

மேடம் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்,
பசுமலைப் பக்கம் ஏதோ மண்டபம்.
பத்து மணிக்குக் கிளம்பலாம் என்றால் பன்னிரண்டு என்று அர்த்தம்.
ஒரு முறை விடிந்தும் இருக்கிறது.

எட்டு இருக்கை ஜெட்டின் படியில் உட்கார்ந்திருக்கிறேன்.
கான்கிரீட் இன்னும் பகலைக் கக்குகிறது.
ஐஸ் வாங்கியாயிற்று. மேடத்துக்கு மோர்,
அவர் வக்கீலுக்கு டயட் கோக்.
கழிவறைத் தொட்டி காலி செய்ததும் நான்தான்,
தோளில் நாலு பட்டையோடு.
உள்ளே கோ-பைலட் ரோஷிணி
ஷூவைக் கழற்றாமல் தூங்குகிறாள்.

கைபேசியில் ஏர்லைன் கடிதம்.
இன்று நள்ளிரவோடு காலாவதி.
வலது இருக்கை, மூன்று பட்டை,
சீனியாரிட்டி எண் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு.
எனக்கு முன்னால் நிற்பவர்கள் யாரும்
சீக்கிரம் கிழவர்களாகப் போவதில்லை.
ரோஸ்டர் முன்கூட்டியே வந்துவிடுமாம்:
மகளின் ஆண்டு விழாவைத் தவறவிடப் போவது
ஒரு மாதம் முன்பே தெரிந்துவிடும்.

சென்னையிலிருந்து கடைசி ஏடிஆர் இறங்கியது.
ஓட்டி வந்தவன் யாகப்பன், என் பயிற்சித் தோழன்.
இறங்க நேரமில்லை, அங்கிருந்தே போன் போட்டான்.
"இருபத்தஞ்சு நிமிஷம்டா, திரும்பணும்.
பின்னால எழுபது பேரு. ஒரு மொகம் தெரியாது."
அது கஷ்டமா என்றேன்.
"கதவைச் சாத்தினா நிம்மதி" என்றான்.
"ஒன் பின்னால?"

என்ன சொல்ல.
மேடத்துக்கு இடது முழங்காலில் வலி.
ஓடுதளத்தில் வேகம் எடுக்கும்போது
கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்.
கப்பலூரில் இரண்டு மில், ஆயிரத்து இருநூறு பேர்
அவர் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார்கள்.

போன ஐப்பசியில் அவர் தம்பி இறந்துவிட்டார்.
ஹைதராபாத்திலிருந்து பறந்து வந்தோம்.
மதுரை மேல் மழை ஒரு சுவர் மாதிரி நின்றது.
இரண்டு முறை இறங்கிப் பார்த்தேன்.
இரண்டு முறையும் விளக்கு தெரியவில்லை, ஏறிவிட்டேன்.
மூன்றாவது முறை அவர் காக்பிட் வாசலில் நின்றார்.
"கேப்டன்" என்றார், அவ்வளவுதான்.
முடியாது மேடம் என்றேன்.
திருச்சிக்குத் திருப்பினேன்.
அங்கிருந்து காரில், அந்த மழையில், நாலு மணி நேரம்.
தத்தனேரியில் எல்லாம் முடிந்திருந்தது.

வேலை போய்விடும் என்று பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன்.
மூன்றாம் நாள் போன் வந்தது.
"சாப்பிட்டியா தம்பி?"

அதற்குப் பிறகு கேப்டன் என்று அவர் கூப்பிட்டதே இல்லை.

சட்டப் புத்தகம் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.
ஏர்லைனில் முடியாது என்று சொல்ல
ஒரு கட்டடமே இருக்கிறது, மூன்று மாடி, ஷிஃப்ட் போட்டு.
இங்கே அதற்கு என் முகம் மட்டும்.
திட்டியிருந்தால் இன்னொரு தடவையும் சொல்லியிருப்பேன்.
தம்பி என்ற பிறகு
அடுத்த மழையில் என் கை என்ன செய்யும்?
அடுத்த மழையில், மூன்றாவது முறை
கொஞ்சம், இன்னும் கொஞ்சம் கீழே
போய்ப் பார்க்குமோ?

பதினொன்று இருபதுக்கு
'சம்மதம்' என்று அனுப்பிவிட்டேன்.
யாகப்பனின் விளக்குகள் எப்போதோ
வடக்கே போய்விட்டிருந்தன.

பதினொன்று நாற்பதுக்குக் கார் வந்தது.
தாம்பூலப் பையோடு ஒரு பொட்டலம்.
"பந்தியில ஒனக்கும் ரோஷிணிக்கும்
எடுத்துவைக்கச் சொன்னேன் தம்பி. ஆறிப்போயிருக்கும்."
ஆறவில்லை.

"சென்னையில மழையா?"
"இல்ல மேடம். லேசா மேகம்."
"பெஞ்சா?"
"மாற்று நிலையம் போட்டிருக்கேன்."
"எது?"
"திருச்சி."

படியில் ஒரு கால் வைத்தபடி நின்றார்.
முழங்காலாக இருக்கும் என்று கை நீட்டினேன்.
பிடித்துக்கொண்டு ஏறினார்.
இன்னொரு கையில் கைப்பை,
இப்போதே கெட்டியாக.